மகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த கேள்விகள்

எங்கள் மகளுக்கு எழுத்து வராது. பதினாலு வயதாகிறது, ஒன்பதாம் வகுப்பு. ஒரு வரியை வாசிக்கச் சொன்னால் எழுத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உதடு அசையும், சத்தம் வராது. எழுதச் சொன்னால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் கிடக்கும். நேற்று எழுதிய சொல்லை இன்று காட்டினால் புதிதாகப் பார்ப்பாள்.

ஆனால் காதில் ஒரு தரம் விழுந்தது அவளை விட்டுப் போகாது. மாதா கோவில் பூசையில் சாமியார் வைத்த பிரசங்கத்தை, நடுவில் அவர் இருமிய இருமலோடு சேர்த்து வீட்டில் வந்து சொல்லுவாள். எங்கள் வாய்க்காலில் யாருக்கு எந்தக் கிழமை முறைத்தண்ணீர் என்று வயலுக்குப் போகிறவர்கள் அவளைக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். பக்கத்து பெஞ்சுப் பெண் பாடத்தைச் சத்தமாக வாசித்தால் போதும், அன்று சாயங்காலம் தாய் அடுப்படியில் நிற்க, இவள் அந்தப் பாடத்தை வரி பிசகாமல் ஒப்பிப்பாள். பரீட்சைத் தாளில் மட்டும் ஒன்றும் இருக்காது. பெயரும் எண்ணும் எழுதவே அவளுக்குப் பாதி நேரம் போய்விடும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். எட்டு மா நிலம், பாதி சொந்தம், பாதி குத்தகை. எங்கள் ஊரில் இருப்பது கிளைக்கோவில். சாமியார் மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் சொல்லுவதும், புதுநன்மை என்கிற முதல் நற்கருணை வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பதும் என் பொறுப்பு. இருபது வருஷமாகச் செய்கிறேன். நான் கேள்வியைச் சொல்லுவேன், பிள்ளைகள் பதிலைச் சொல்லும். தப்பினால் திரும்பவும் கேட்பேன். புரிந்ததா என்று கேட்க மாட்டேன். முதலில் வாயில் நிற்கட்டும், வயது வரும்போது நெஞ்சில் இறங்கும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கும் அப்படித்தான் சொல்லித்தந்தார்கள். எனக்குத் தெரிந்த வாத்தியார் வேலை அது ஒன்றுதான்.

ஐப்பசி மழையில் ஒரு நாள், வட்டாரத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் முகாம் என்று சொல்லி இவளையும் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப்போனார்கள். படிப்பு வராத பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்து எழுதிக்கொடுக்கிற முகாம். நடவு வேலை இருந்ததால் நான் போகவில்லை. ஒரு மண்டபத்தில் காலையிலிருந்து வரிசையில் உட்கார வைத்து, இவள் முறை வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டதாம். அரை மணி நேரம் ஒருவர் கேள்வி கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் பசிக்கிறது என்றாள், சாப்பிட்டாள், அதோடு அதை நாங்கள் மறந்துவிட்டோம்.

கார்த்திகையில் தலைமை ஆசிரியை எங்கள் இரண்டு பேரையும் வரச்சொன்னார். அரசு உதவி பெறும் பள்ளிக்கூடம். நல்ல அம்மாதான், எங்களை நாற்காலியில் உட்கார வைத்துத்தான் பேசினார்.

"உங்க பொண்ணு நல்ல பொண்ணுங்க. அதுமேல ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா பேப்பர் வந்துருச்சு."

பேப்பரை என் பக்கம் திருப்பினார். 'அறிவுசார் குறைபாடு' என்று எழுதியிருந்தது. அதன் கீழே ஒரு எண். எனக்கு அந்த எண்ணுக்கு அர்த்தம் தெரியவில்லை. என் மனைவிக்கு அந்தச் சொல்லே போதுமாயிருந்தது.

"எம்புள்ளைக்கு அறிவில்லைங்கிறீங்களா?"

"நான் சொல்லலம்மா. சோதிச்சவங்க சொல்றாங்க. தஞ்சாவூர்ல இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குன்னு தனிப் பள்ளிக்கூடம் இருக்கு. கூடை பின்ன, கவர் ஒட்ட எல்லாம் நல்லாச் சொல்லித் தராங்க. வேன் வந்து கூட்டிட்டுப் போகும்."

"அவ வாயால சொன்னா எழுத ஒரு ஆள் போடலாம்னு சொல்றாங்களே டீச்சர். பக்கத்து ஊருல ஒரு பிள்ளைக்குப் போட்டாங்க, அது பாஸ் பண்ணிருச்சு."

"அந்தப் பிள்ளைக்குக் கற்றல் குறைபாடுன்னு பேப்பர் இருந்துச்சும்மா. அறிவு சரியா இருக்கு, எழுத்து மட்டும் வரலன்னு அர்த்தம். இவளுக்கு அப்படி இல்லையே. இந்தப் பேப்பர கையில வெச்சுக்கிட்டு இவள நான் பத்தாவது பரீட்சைப் பட்டியல்ல எப்படி ஏத்துறது? மூணு மணி நேரம் கேள்வித்தாள வெறிச்சுப் பாத்துட்டு வரணுமா அது?"

அவர் சொன்னதில் கருணையும் இருந்தது, நூற்றுக்கு நூறு தேர்ச்சிக் கணக்கும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்குத் திராணி இல்லை. சம்மதம் என்று ஒரு இடத்தில் கையெழுத்துக் கேட்டார். "சாமியார்கிட்ட கலந்துக்கிட்டு வர்றேங்க" என்று எழுந்து வந்துவிட்டேன். பொய்தான். எனக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்?

புதன்கிழமைகளில் சிறப்பு டீச்சர் ஒருவர் வருவார். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு ஸ்கூட்டரில் பல பள்ளிக்கூடங்களைச் சுற்றுகிற பெண். அந்தப் புதன் பள்ளிக்கூட வாசலில் நாங்கள் அவருக்காகக் காத்திருந்தோம். பேப்பர் நகலைப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, "அண்ணே, சம்மதம்னு கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"இல்லம்மா."

"நல்லவேளை. இதை நீங்க ஒத்துக்கணும்னு சட்டம் இல்ல. வேற ஒருத்தர வெச்சு மறுபடி பாருங்கன்னு கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. பள்ளிக்கூடத்து ஆளு, முகாம் ஆளு இல்லாம, தனியா ஒருத்தர்."

"நம்ம சொன்னா கேப்பாங்களாம்மா?"

"சர்வேயர் தப்பா அளந்தா என்ன பண்ணுவீங்க? வரப்புல நின்னு அழுவீங்களா? மறு அளவைக்கு மனு குடுப்பீங்கள்ல. இது அதுதான். ஒரு வரப்புக்காக ஜமாபந்தி வரைக்கும் போவீங்க, பிள்ளைக்காகப் போக மாட்டீங்களா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். எங்கள் கீழ் வரப்புக்காக நான் எத்தனை தடவை தாலுக்கா ஆபீசுக்கு நடந்தேன் என்பது அவளுக்குத் தெரியும்.

மனுவை டீச்சரே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மகளும் பக்கத்தில் நின்றாள். இரண்டு நாள் கழித்து வீட்டில் அவள் அந்த மனுவை முழுசாகச் சொல்லிக் காட்டினாள், 'தங்கள் உண்மையுள்ள' வரைக்கும்.

அதைக் கேட்டபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. "பாப்பா, அன்னிக்கு முகாம்ல அந்த சார் என்னல்லாம் கேட்டாரு?"

சொன்னாள். முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரைக்கும். நடுவில் அவருக்குப் போன் வந்ததையும், 'இன்னும் எத்தனை தலை இருக்கு, சோறு வந்துச்சா' என்று அவர் பேசியதையும் அவர் குரலிலேயே சொன்னாள். படகுக்கும் மாட்டுவண்டிக்கும் என்ன ஒற்றுமை என்று கேட்டாராம். வரிசையாக எண்களைச் சொல்லி, அப்படியே திருப்பிச் சொல் என்றாராம். சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டைகள் கொடுத்து, படத்தில் உள்ளது மாதிரி அடுக்கு என்றாராம்.

"பக்கத்து வீட்லேருந்து புகை வந்தா என்ன செய்வன்னு கேட்டாங்கப்பா."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் செய்ய மாட்டேன்னு சொன்னேன்."

என் மனைவி தலையில் கை வைத்தாள். மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. "பின்ன என்னம்மா? பக்கத்து வீட்டு அத்தை தெனம் வெறகடுப்புல வெந்நீர் போடுது. தெனமும் போயி நான் என்ன செய்ய?"

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் அந்தத் தாளில் அது தப்பு என்று விழுந்திருக்கும். எண்களையும் அவள் சரியாகச் சொல்லவில்லையாம். "பசிச்சிச்சுப்பா. அந்த சாரு வேகமா சொன்னாங்க, பயமா இருந்துச்சு. வீட்டுக்கு வந்தப்பறம் எல்லாம் சரியா வந்துச்சு."

அன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து அவள் சொன்ன கேள்விகளையெல்லாம் எழுதி வைத்தேன். அப்போது எதற்கென்று எனக்கே தெளிவில்லை. கேள்வி கையில் கிடைத்தால் எழுதி வைக்கிற பழக்கம், அவ்வளவுதான்.

மனுவுக்குப் பதில் வராமல் அறுவடை முடிந்தது. தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு மறுநாள் கடிதம் வந்தது. தஞ்சாவூரில் சான்று கொடுக்க அனுமதி பெற்ற ஒரு அம்மாவிடம், ஐந்து வாரம் கழித்து, குருத்து ஞாயிற்றுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வரவேண்டும் என்று இருந்தது. என் மனைவி அதை மாதா படத்துக்கு முன்னால் வைத்து முழங்காலில் நின்றாள். சிறப்பு டீச்சருக்குப் போன் செய்தேன்.

"ரொம்ப நல்லதுண்ணே. முத நாள் ராத்திரி நல்லா தூங்க வெச்சு, காலையில வயிறாரச் சாப்பிட வெச்சுக் கூட்டிட்டுப் போங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

வேற ஒண்ணும் செய்ய வேணாம். அவர் சொன்னது அதுதான். நானும் அதைத் தெளிவாகத்தான் கேட்டேன். ஆனால் விருந்துக்குக் கூப்பிடுகிறவர்கள் 'வெறுங்கையோட வாங்க' என்று சொல்லுவார்கள். வெறுங்கையோடு யாராவது போவார்களா? நான் அதை அப்படி எடுத்துக்கொண்டேன்.

தவக்காலத்தில் எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு தவமுயற்சி எடுப்போம். கறி மீன் விலக்குவது எல்லோருக்கும் உண்டு. அதற்குமேல் நான் காபி விடுவேன், மனைவி டிவி விடுவாள். அந்த வருஷம் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே தவமுயற்சி என்று நான்தான் சொன்னேன். சாயங்காலம் செபமாலை முடிந்ததும் ஒரு மணி நேரம் கேள்வி பதில். நோட்டு என் கையில்.

பதில்களை நானும் மனைவியும் யோசித்து எழுதினோம். படகும் மாட்டுவண்டியும் ஆளையும் சாமானையும் ஏற்றிச் செல்பவை. புகை வந்தால் போய்ப் பார்க்க வேண்டும், நெருப்பு என்றால் சத்தம் போட்டுப் பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். தீப்பெட்டிகளில் சிவப்புத் தாளும் வெள்ளைத் தாளும் ஒட்டிக் கட்டைகள் செய்தேன். அவள் சொன்ன படங்களை ஞாபகத்திலிருந்து அடுக்கிப் பார்த்தோம்.

"எட்டாங்கிளாஸ் வாத்தியாரு, ஒன்பதாங்கிளாஸ் பிள்ளைக்குப் பாடம் நடத்துறாரு" என்று என் மனைவி கேலி செய்வாள். ஆனால் அவளும் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கதவோரம் நின்று, "அந்த ஏழாவது கேள்விய விட்டுட்டீங்க" என்பாள்.

மகளுக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்லுவது? பிறந்ததிலிருந்து எந்தப் பரீட்சைக்கும் அவளால் படிக்க முடிந்ததில்லை. இது எழுத்தே இல்லாத பரீட்சை. காதால் படித்து வாயால் எழுதலாம். மூன்றாம் நாளே அவளுக்கு எல்லாம் வந்துவிட்டது. நான் நிறுத்தியிருக்கலாம். "இன்னொரு தடவ கேளுப்பா" என்பாள். நானும் கேட்பேன். நான் நோட்டைப் புரட்டுவதற்குள் அடுத்த கேள்வியையும் அவளே சொல்லி, பதிலையும் சொல்லிவிட்டுச் சிரிப்பாள். இவளையா அறிவில்லை என்றார்கள் என்று எனக்கு நெஞ்சு விம்மும்.

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் தஞ்சாவூர் போனோம். மனைவி ஒருசந்தி, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மகளுக்கு இட்லி ஊட்டாத குறையாகக் கொடுத்தோம். பஸ்ஸில் நான் கடைசியாக ஒரு முறை எண்களைக் கேட்டேன். முன் சீட்டில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்து, "என்னங்க, லாட்டரிக் கடையா?" என்றார். மூவரும் சிரித்தோம். அதற்குப் பிறகு நாங்கள் மூவரும் சேர்ந்து அப்படிச் சிரித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

அந்த அம்மாவின் அறை சின்னது. ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். முகத்தைப் பார்த்தாலே பயம் போய்விடும்படியான அம்மா. மகளிடம் பேர் கேட்டார், சாப்பிட்டாயா என்றார், அவசரமே படவில்லை. நாங்கள் சுவரோரம் இரண்டு ஸ்டூலில் பேசாமல் உட்கார்ந்துகொள்ளலாம் என்று அனுமதித்தார். ஆண்டவரே, இதுதான் நாங்கள் கேட்ட உரிமை என்று நினைத்துக்கொண்டேன். இப்படி ஒரு ஆள், இப்படி ஒரு நிதானம்.

மேசைமேல் ஒரு பெட்டியைத் திறந்தார். அதில் சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டைகள் இருந்தன. மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் வெளிச்சம்.

முதல் சில கேள்விகள் போயின. பிறகு எண்கள். அந்த அம்மா மூன்று எண்களை மெதுவாகச் சொன்னார். மகள் மூன்றையும் சொன்னாள். பிறகு நிற்கவில்லை. அடுத்த வரி நாலு எண், அதற்கடுத்த வரி ஐந்து, அதற்கடுத்தது ஆறு. அந்த வரிகளை அந்த அம்மா இன்னும் சொல்லவேயில்லை. இவள் கைகளை மடியில் கட்டிக்கொண்டு, ஞானோபதேச வகுப்பில் சொல்வதுபோல் அதே ராகத்தில், கடைசி வரி வரைக்கும் சொல்லி முடித்தாள். முடித்துவிட்டு, "படகும் மாட்டுவண்டியும் இப்ப சொல்லவா?" என்று கேட்டாள்.

அந்த அம்மா பென்சிலைக் கீழே வைத்தார்.

"இதெல்லாம் யாரும்மா உனக்குச் சொல்லிக் குடுத்தாங்க?"

"எங்கப்பா!"

நான் எழுந்து நின்று கும்பிட்டேன். சிரித்தேன்கூட. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. பாராட்டுகிறார் என்று நினைத்துவிட்டேன்.

மகளை வெளியே வேப்பமரத்தடியில் உட்காரச் சொல்லிவிட்டு எங்களிடம் பேசினார். கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"வயல்ல மண்ணு எடுத்துப் பரிசோதனைக்குக் குடுப்பீங்களா?"

"குடுப்போங்க."

"குடுக்கிற மண்ணுல நல்லதா வரட்டுமேன்னு உரத்தக் கலந்து குடுப்பீங்களா?"

எங்களிடம் பேசுகிறவர்கள் எல்லோரும் வயலை வைத்தே பேசுகிறார்கள். புரியவும் புரிகிறது.

"இது பரீட்சை இல்லைங்க. தெரியாத கேள்வியப் பிள்ளை எப்படி யோசிக்குதுன்னு பாக்கறதுதான் இது. பதில் முன்னாடியே தெரிஞ்சா நான் எதப் பாக்கறது?"

என் மனைவி கை கூப்பினாள். "அம்மா, தப்பு எங்க மேல. அவ ஒண்ணும் அறியாத பிள்ளை. வேற கேள்வி கேளுங்க, இந்தப் பெட்டிய விட்டுட்டு வேற பெட்டி எடுங்க."

"தமிழ்ல கேக்க எங்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதாம்மா. சான்றுக்கு ஏத்துக்கறதும் இதுதான். இங்கிலீஷ் பெட்டிய வெச்சுக் கேட்டா இன்னும் அநியாயமாப் போயிரும்."

பிறகும் அவர் விடவில்லை. மகளை மறுபடி உள்ளே கூப்பிட்டு, ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார், நாலு வரி எழுதச் சொன்னார். விரல் நின்ற இடத்திலேயே நின்றது. அதையெல்லாம் குறித்துக்கொண்டார். பிறகு சும்மா பேசுவதுபோல் வாய்க்கால், முறைத்தண்ணீர், கோவில் என்று ஏதேதோ கேட்டார். இவள் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள், ஒரு இடத்தில் அந்த அம்மாவையே சிரிக்க வைத்தாள்.

"எனக்குத் தெரியுதுங்க" என்றார் கடைசியில். "இந்தப் பிள்ளைக்கு அறிவுல குறை இல்லன்னு எனக்குத் தெரியுது. ஆனா தெரியுதுன்னு எழுத முடியாது. அறிவு இவ்வளவுன்னு எண் போட்டாத்தான், கற்றல் குறைபாடுன்னு நான் கையெழுத்துப் போட முடியும். எண் போட வழி இல்லாமப் பண்ணிட்டீங்களே."

"இப்ப என்னங்க செய்யறது?"

"குறைஞ்சது ஒரு வருஷம் போகட்டும். அதுக்குள்ள பிள்ளை மறந்துரும். மறுபடி வாங்க, நானே பாக்கறேன்."

நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மறந்துரும். அந்த அம்மாவுக்கு எங்கள் மகளைப் பற்றி எல்லாம் தெரிந்தது, அது ஒன்று தெரியவில்லை. நாங்களும் சொல்லவில்லை. சொன்னால் அந்த ஒரு வருஷத்து வாசலையும் சாத்திவிடுவாரோ என்று பயம்.

வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, எல்லாம் சரியாச் சொன்னேனா?"

"சரியாச் சொன்னம்மா."

"ஒண்ணுகூடத் தப்பு இல்லைல்ல?"

"இல்ல."

என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வெயில் என்று மகளிடம் சொன்னாள்.

அந்த அம்மா அனுப்பிய தாளில், 'நம்பத்தகுந்த முடிவுக்கு வர இயலவில்லை, ஓராண்டுக்குப் பின் மறுமதிப்பீடு செய்யப் பரிந்துரைக்கப்படுகிறது' என்று இருந்தது. நான் சொல்லிக்கொடுத்தேன் என்பதை அவர் எழுதவில்லை. எங்களைக் காப்பாற்றுவதாக நினைத்து விட்டிருப்பார். எழுதியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். தலைமை ஆசிரியை அதை இரண்டு தடவை வாசித்தார்.

"முடிவு இல்லன்னா, முன்னாடி இருக்கிற பேப்பர்தான் நிக்கும்."

நான் நடந்ததைச் சொன்னேன். நோட்டு, தீப்பெட்டி, எல்லாம் சொன்னேன். என் தப்புக்கு என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், பிள்ளையைப் பட்டியலில் ஏற்றுங்கள் என்றேன். அவர் தாளை மடித்து என்னிடம் நீட்டினார்.

"அண்ணே, நான் எதிரி இல்ல. பேப்பர்ல இல்லாதத நான் எப்படி மேல சொல்றது? ஒண்ணு, தஞ்சாவூருக்கு அனுப்புங்க. இல்லையா, இன்னொரு வருஷம் ஒன்பதாவதுலயே இருக்கட்டும். அடுத்த பேப்பர் வரட்டும், பாத்துக்கலாம்."

சிறப்பு டீச்சரிடம் சொன்னபோது அவர் ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் காரணத்தச் சொல்லியிருக்கணும்ண்ணே. வேணாம்னு மட்டும் சொன்னேன்." அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெரிய வெள்ளிக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். சாமியார் பொறுமையாகக் கேட்டார். "அறியாமல் செய்தது பாவமில்லை. பிள்ளைமேல் உள்ள பாசத்தில் செய்தாய், மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதே" என்றார். வேறு பாவங்களுக்கு அபராதமாகச் சில மந்திரம் சொல்லச் சொன்னார். இதற்கு ஒன்றும் கொடுக்கவில்லை. பெரிய அபராதம் ஒன்று கொடுத்திருந்தால், வேளாங்கண்ணிக்கு நடந்தே போ என்று சொல்லியிருந்தால், போயிருப்பேன். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். கோவிலை விட்டு வெளியே வந்து, அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் படியில் உட்கார்ந்திருந்தேன்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. அவளோடு படித்த பிள்ளைகள் பக்கத்து அறைக்குப் போனார்கள். இவள் ஒன்பதாவதிலேயே, தன்னைவிட ஒரு தலை குட்டையான பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்தாள். ஏன் என்று எங்களைக் கேட்டாள். "அந்தத் தஞ்சாவூர் அம்மா இன்னொரு தடவ உங்கிட்டப் பேசணுமாம், அது வரைக்கும்" என்று மனைவி சொன்னாள். எல்லாம் சரியாகச் சொன்ன பிறகு எதற்கு இன்னொரு தடவை என்று அவளுக்குப் புரியவில்லை. நாங்களும் விளக்கவில்லை. 'உன் அப்பன் கெடுத்தான்' என்று சொல்ல நான் தயார்தான். ஆனால் அதைச் சொன்னால், வாழ்க்கையில் அவள் முழுசாக எழுதின ஒரே பரீட்சையும் தப்பு என்று ஆகிவிடும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்து அறையில் பத்தாம் வகுப்புப் பாடம் நடப்பது சுவர் வழியாகக் கேட்கிறதாம். சாயங்காலம் வந்து அதையும் ஒப்பிக்கிறாள்.

நோட்டைக் கிழித்து அடுப்பில் போட்டேன். தீப்பெட்டிக் கட்டைகளைச் சின்னப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்துவிட்டேன். செபமாலைக்குப் பிறகு இருந்த அந்த ஒரு மணி நேரத்தை நிறுத்தினேன். அவள் விடவில்லை.

"கேளுப்பா. சும்மா ரெண்டே ரெண்டு."

"வேணாம்மா. அப்பாவுக்கு மறந்துபோச்சு."

"அப்ப நானே கேக்குறேன்."

பின்வாசலில் குழாயடியில் உட்கார்ந்துகொண்டு, கேள்வியை என் குரலில் கேட்டு, பதிலைத் தன் குரலில் சொல்லுகிறாள். எண்களும் படகும் புகையும் ஒன்றுகூட இடம் மாறவில்லை. நிறுத்தச் சொன்னால் ஏன் என்பாள். சத்தமாக ரேடியோ வைத்துப் பார்த்தேன். ரேடியோவில் வந்ததும் சேர்ந்து மனப்பாடம் ஆனது. தாய் வேறு கதைகள் சொல்லிப் பார்க்கிறாள், பழசின் மேல் புதுசு படிந்து மூடிவிடாதா என்று. அதெல்லாம் மூடுகிற மனசு இல்லை அவளுக்கு. ஆறு மாதம் போய்விட்டது, இன்னும் ஆறு மாதம் இருக்கிறது.

ஊரில் எல்லாத் தகப்பனும் பிள்ளைக்கு நல்ல ஞாபகத்தைக் கொடு சாமி என்று வேண்டுகிறான். என் வகுப்பில் புதுநன்மைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்காக நானே அப்படி ஜெபம் சொல்லியிருக்கிறேன். இப்போது நான் வேண்டுவதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. செபமாலை முடிந்ததும் வீட்டுக் கருத்துக்காக, அதாவது வீட்டில் ஒருவர் சொல்லும் வேண்டுதலுக்காக, மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லுவது எங்கள் வழக்கம். நேற்றும் அவள்தான் முன் சொன்னாள். சிலுவை வரைவதற்கு முன் என் பக்கம் திரும்பினாள்.

"இன்னிக்கு என்ன கருத்துப்பா?"

"அப்பா மனசுல ஒண்ணு வெச்சிருக்கேன்."

"சத்தமாச் சொல்லுப்பா, எல்லாரும் சேந்து வேண்டிக்கலாம்ல."

"உனக்காகத்தான்மா. நீ ஆரம்பி."

அவள் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். நாங்கள் பின்னால் சொன்னோம்.